எங்கள் வீட்டின் மேல் ஒரு நீலப் புள்ளி

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. இடம், மணலியை ஒட்டிய சடையங்குப்பத்தில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சமுதாயக் கூடம். நாலா பக்கத்து மழைத்தண்ணீரும் ஓடிவந்து சேருகிற பள்ளம் எங்கள் பகுதி. கால்வாயை எந்தத் தெரு வரை அகலப்படுத்தச் சொல்லி மனு கொடுப்பது என்று முடிவு செய்ய ஒரு தொண்டு நிறுவனத்தினர் கூட்டம் போட்டிருந்தார்கள்.

பெரிய டிவியில் எங்கள் பகுதியின் வரைபடம். வீடு வீடாகத் தெரிந்தது. போன மழையில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று வீட்டுக்காரர் சொல்ல, அந்த வீட்டை அழுத்தி நீலப் புள்ளி வைக்க வேண்டும். கணுக்காலுக்கு வெளிர் நீலம், மார்பளவுக்குக் கரு நீலம். புள்ளிகள் சேரச் சேர, கால்வாய் வேலை நடக்க வேண்டிய கோடும் நீளும். நான் ராயபுரத்தில் துறைமுகச் சரக்குக்கான ஒரு கிளியரிங் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள் என்பதால் மவுஸை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அங்கேதான் பிடித்தது சனி. கிளம்பும்போதே அம்மா மிரட்டியிருந்தாள். "ஊரு வூட்டுக்கெல்லாம் வெச்சிக்கோ. நம்ம வூட்டாண்ட மட்டும் கைய வெக்காத. ஆவணில நிச்சயம் கீது, தெர்தா?"

கால்வாய்க்கு அக்கரையிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. தரகர் எங்கள் வீட்டை 'மேட்டு வீடு' என்று அடித்துவிட்டிருந்தார். தண்ணீர் ஏறும் வீட்டில் பெண் எடுக்க எங்கள் பக்கம் யோசிப்பார்கள். தலைப்பிரசவத்துக்கு அனுப்பினால் பிள்ளையோடு தண்ணீரில் நிற்க வேண்டுமே என்பார்கள். எனக்கோ மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. சொல்வதற்கென்ன வெட்கம்!

கூட்டத்தில் பார்த்தால் தெருவே என் அம்மா மாதிரிதான். ஒருவர் வீட்டை விற்கப் பார்க்கிறார். ஒருவருக்குக் குடித்தனக்காரர் காலி செய்துவிடுவார் என்ற பயம். இன்னொருவர், "நீலம் போட்டா வூட்ட இடிச்சி எங்கனா தூரமா தள்ளிடுவாங்கோ" என்று கிளப்பிவிட்டார். பீரோவைக் கட்டில் மேல் ஏற்றிய ஆட்களெல்லாம் "கால் கூட நனையல" என்று சத்தியம் செய்தார்கள். சுற்றிலும் நீலமாக, எங்கள் தெரு மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து உள்ளே வருகிறார் மாப்பிள்ளையின் அம்மா! ஒரே கால்வாய் என்பதால் அக்கரைக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்களாம். எனக்கு உள்ளங்கை வியர்த்து மவுஸ் வழுக்கியது.

கூட்டம் நடத்திய பெண் திரையைக் காட்டினார். கோடு பக்கத்துத் தெருவோடு நின்றுவிட்டது. அதுவரை அகலமான கால்வாயில் வேகமாக வரும் தண்ணீர், எங்கள் தெருவின் குறுகலில் முட்டி வீடுகளுக்குள் ஏறும் என்று அம்புக்குறிகள் ஓடின. "அப்போ இப்படியே மனு கொடுத்துடலாமா?" என்றார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தேன், கண்ணாலேயே எரித்தாள். பக்கவாதத்தில் படுத்த அப்பாவைப் போன மழையில் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. இனி அதைவிட அதிகமாக ஏறுமாம். ஆவது ஆகட்டும் என்று எங்கள் வீட்டை அழுத்தினேன். இடுப்பளவு.

"அடிப்பாவி" என்றாள் அம்மா.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். "மேட்டு வூடுன்னாரே தரகரு?" என்றார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"எங்க வூட்ட இன்னான்னு சொன்னாரு?" என்று அடுத்துக் கேட்டார்.

"அதுவும் மேட்டு வூடுன்னுதான்..." என்று இழுத்தேன்.

"ஐயே, மேடாம் மேடு! அக்கரையில மூணாவது சந்து, மொத வூடு. மார் வரிக்கும்னு போடு, கண்ணு."

கூடமே சிரித்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் அம்மாவும் சிரித்தாள். அப்புறம் என்ன, "எங்க வூட்டுக்கும் போடு" என்று தெருவே முண்டியடித்தது.

இன்று நான் அந்தக் கரு நீல வீட்டின் மருமகள். கால்வாய் வேலை அம்மா வீட்டுத் தெரு வரை வந்து பாதியில் கிடக்கிறது. வருகிற ஐப்பசியில் எனக்குத் தலைப்பிரசவம். அடைமழை நேரம், இரண்டு வீட்டையும் நம்ப முடியாது என்று அம்மாவும் மாமியாரும் அதே வரைபடத்தைப் போனில் தேடி, வெள்ளையாக இருக்கும் ஒரு தெருவில் எனக்கு அறை பிடித்திருக்கிறார்கள். அங்கே நிஜமாகவே தண்ணீர் வராதா, இல்லை யார் வீட்டிலாவது பெண்ணுக்கு நிச்சயம் என்று மறைத்தார்களா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்; ஒரு வீடு மறைத்த தண்ணீர் இன்னொரு வீட்டில்தான் போய் ஏறும் என்பது அன்றிலிருந்து எனக்கு மறப்பதே இல்லை.