ஆயிரத்து எண்ணூறு ரூபாய் அனாமத்து

நான் ப்ளஸ் ஒன் சேர்ந்த வருடம், கடலூரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒருவர் வந்து காமர்ஸ் குரூப் பிள்ளைகளைக் கைதூக்கி விடப்போவதாகச் சொன்னார். எங்களை யாரும் கைதூக்கிவிடச் சொல்லிக் கேட்கவில்லை. அவர் கோட்டு போட்டிருந்தார். ஜூன் மாத வெயிலில் கடலூரில் கோட்டு போட்டு நிற்பவர் ஒன்று மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், இல்லை எதையோ விற்க வந்தவராக இருக்க வேண்டும். பதினாறு வயதில் எனக்கு அது உறைக்கவில்லை.

பி.காம். முதல் வருட அக்கவுண்டன்சியை ஸ்கூலிலேயே முடித்துவிடலாம் என்றார் அவர். "நீங்க காலேஜுக்குப் போறப்ப மத்தவன்லாம் அ, ஆ எழுதிட்டு இருப்பான். நீங்க கால் மேல கால் போட்டு உக்காந்திருப்பீங்க" என்றார். சயின்ஸ் குரூப் கிடைக்காதவர்கள் என்று ஸ்டாஃப் ரூமிலிருந்து வாட்ச்மேன் வரை எங்களை இளக்காரமாகப் பார்த்துக்கொண்டிருந்த பள்ளி அது. கால் மேல கால் என்றதும் விழுந்துவிட்டேன்.

வகுப்பு ஞாயிறுதோறும் அண்ணாமலை நகரில், ஒரு மாணவர் லாட்ஜின் மாடியில். என் அப்பா பஸ் கண்டக்டர். பணம் கட்டும்போது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதுல வேல கெடைக்குமா சார்?" சார் சிரித்தார். "வேலையா? உங்க பொண்ணு வேல குடுக்கும்." அப்பா இதை டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டார்.

அந்த மாடியில் நாற்பது பேர் இருந்தோம். கடலூர், சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்துப் பிள்ளைகள். கீழே மெஸ்ஸில் சாம்பார் கொதிக்கும் வாசனை, மேலே நாங்கள் கோரஸாக "உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு" என்று கத்துவோம். கோயிலில் தேவாரம் சொல்கிறவர்களுக்காவது எதிரே சாமி இருக்கிறது. எங்களுக்கு எதிரே ஒரு வெள்ளைப் பலகையும், மார்க்கர் மூடியைக் கடித்தபடி சாரும்தான். கையில் அவருடைய நோட்ஸ். அவரே எழுதியதாம். அட்டையில் அவர் படம், கோட்டோடு. விலை தனி.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் லால்பேட்டைப் பெண். அவளுடைய அப்பாவுக்கு, அவள் பேச்சில் அத்தாவுக்கு, அங்கே ஜவுளிக் கடை. கணக்கு சொல்லித்தரும் இடத்தில் கேள்வி கேட்கலாம் என்று நம்பிய ஒரே ஜீவன் அவள்தான்.

மூன்றாவது வாரம் எழுந்து நின்றாள். "சார், நாம பேங்க்ல பணம் போட்டா நம்ம நோட்டுல பற்றுன்னு எழுதுறோம். ஆனா பாஸ்புக்ல வரவுன்னு வருது. ஏன் சார்?"

சார் மூடியை வாயிலிருந்து எடுத்தார். "பேங்க் வேற. அக்கவுண்டன்சி வேற. உக்காரு."

நாற்பது பேரும் அதையும் எழுதிக்கொண்டோம். நானும் எழுதினேன். அவள் மட்டும் எழுதவில்லை. அடுத்த ஞாயிறு, வகுப்பு தொடங்கும் முன் என்னிடம் சொன்னாள்: "பாஸ்புக்கு பேங்க்காரன் எழுதுற புக்கு. நாம போட்ட பணம் அவனுக்குக் கடன். நமக்குத் திருப்பித் தரணும்ல, அதான் அவன் வரவுல வச்சிருக்கான். அத்தா கடைக் கணக்குப்பிள்ளைகிட்ட கேட்டேன்." மூன்று வாரமாகக் கத்திய கோரஸில் இல்லாதது அந்த நாலு வரியில் இருந்தது. நான் என்ன செய்தேன்? "பரீட்சைக்கு இது வராதுடி" என்றேன்.

பிறகு அந்தக் கணக்கு வந்தது. ஒரு வியாபாரியின் இருப்பாய்வு. அதாவது பற்று எல்லாம் ஒரு பக்கம், வரவு எல்லாம் ஒரு பக்கம் போட்டுக் கூட்டினால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வரவில்லை. பற்றுப் பக்கம் ஆயிரத்து எண்ணூறு குறைந்தது. சார் பலகையை இரண்டு முறை மேலும் கீழும் பார்த்தார். மூன்றாம் முறை பார்க்கவில்லை. குறைகிற தொகையை 'அனாமத்துக் கணக்கு' என்று ஒரு வரி எழுதி அங்கே தள்ளினார். இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது. லாபம் 44,400. நோட்ஸின் கடைசிப் பக்கத்தில் விடை 42,600 என்று இருந்தது.

"பின்னாடி இருக்கிறது பிரிண்டிங் மிஸ்டேக்" என்றார்.

லால்பேட்டைப் பெண் எழுந்தாள். கையில் அட்டை கிழிந்த, பழைய, தடித்த புத்தகம் ஒன்று. அவள் அண்ணன் காலேஜில் படித்தது. "சார், வித்தியாசம் ஒம்போதால வகுபட்டா நம்பர் மாறி வுழுந்திருக்கும்னு எங்க கடையில சொல்வாங்க. இந்த புக்குல இதே கணக்கு இருக்கு சார். இதுல கூலி அய்யாயிரத்து முந்நூறு. நம்ம நோட்ஸ்ல மூவாயிரத்து ஐநூறுன்னு டைப் ஆயிருக்கு. அத மாத்துனா அனாமத்தே வேணாம். பின்னாடி இருக்கிற விடையும் சரியா வருது."

எண் மாறியது ஒரு விஷயமே அல்ல. இதே கணக்கு இன்னொரு புத்தகத்தில் வரிக்கு வரி இருக்கிறது என்பதுதான் விஷயம். அட்டையில் கோட்டோடு சிரிக்கிறவர் எழுதியது அட்டை மட்டும்தான் என்று நாற்பது பேருக்கும் ஒரே நொடியில் தெரிந்தது.

"இது உங்க ஊட்டு ஜவுளிக் கடைக் கணக்கு இல்லமா" என்றார் சார், குரலை உயர்த்தாமல். "காலேஜ் கணக்கு. நோட்ஸ்ல என்ன இருக்கோ அத எழுதுறவங்களுக்குத்தான் மார்க்கு. மத்தவங்க கடையிலயே உக்காந்துக்கலாம்."

சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று இங்கே எழுத ஆசைதான்.

அன்று வீட்டில் அப்பாவிடம் அனாமத்துக் கணக்கைப் பற்றிப் பெருமையாக விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, "எங்க டிப்போல அந்த வசதி இல்லியே பாப்பா" என்றார். "டிக்கெட்டுக்கும் பையில இருக்கற காசுக்கும் பத்து ரூவா கொறஞ்சாலும் என் கையிலேர்ந்துதான் கட்டணும்." அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே பொறாமைப்பட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. பஸ் வேறு, அக்கவுண்டன்சி வேறு என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன்.

ப்ளஸ் டூ முடிகிற சமயம் சார் ஒரு சான்றிதழ்த் தேர்வு வைத்தார். அந்தக் கணக்கு இருபது மதிப்பெண்ணுக்கு வந்தது, மூவாயிரத்து ஐநூறோடு. நான் ஒரு நிமிடம் பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். எது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எது மார்க்கு என்பதிலும் இல்லை. அனாமத்து 1,800 என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டேன். லாபம் 44,400.

அவள், 'கேள்வித்தாளில் கூலி தவறாக அச்சாகியுள்ளது' என்று ஒரு வரி எழுதிவிட்டுச் சரியாகப் போட்டாள். அந்த இருபதுக்கு அவளுக்குப் பூஜ்யம். முதல் பரிசு எனக்கு.

விழா கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. விருந்தினருக்குச் சால்வை, சாருக்குச் சால்வை, பணம் கொடுத்த புண்ணியவானுக்குச் சால்வை. என் கையில் பிளாஸ்டிக் ஷீல்டு. "காலேஜ் லெவல் மூள" என்று மைக்கில் என்னைக் காட்டினார் சார். அப்பா யூனிஃபார்மோடு வந்து கடைசி வரிசையில் நின்று, கை வலிக்க வலிக்கத் தட்டினார். அந்தச் சத்தம்தான் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சாரை நினைத்தால் வெறும் அருவருப்புதான்.

வாசலில் அவள் என்னை நிறுத்தினாள்.

"கூலி தப்புன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் எழுதுனியா?"

"ஆமா."

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் அத்தாவோடு பைக்கில் ஏறிப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

கடலூரிலேயே பி.காம். சேர்ந்தேன். முதல் வாரம் கால் மேல் கால் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் அ, ஆ எழுதினார்கள். பேராசிரியை ஒரு கணக்கைப் போட்டு, வழக்கமான வரிசையை மாற்றி, பாதித் தகவலை வாக்கியங்களுக்குள் ஒளித்துக் கொடுத்தார். எனக்கு எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை. நோட்ஸில் அப்படி ஒன்று இல்லை. நவம்பர் செமஸ்டரில் அந்தப் பேப்பரில் அரியர். வகுப்பில் அக்கவுண்டன்சியில் அரியர் வைத்த ஏழு பேரில், அதை முன்பே படித்து முடித்து ஷீல்டும் வாங்கியிருந்தவள் நான் ஒருத்திதான்.

பொங்கல் விடுமுறையில் லால்பேட்டைப் பெண்ணுக்கு போன் செய்தேன். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் அவளும் பி.காம்.தான் படித்துக்கொண்டிருந்தாள். நான் அந்த மண்டப விஷயத்தை ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் கேக்க எனக்கு நேரமில்ல" என்றாள். "என்னா வேணும் சொல்லு."

"முதல்லேர்ந்து சொல்லித் தரியா?"

கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கெழம வா. கணக்கு மட்டும்தான் பாப்போம்."

ஐந்து ஞாயிறு போனேன். சிதம்பரத்தில் பஸ் மாறி, லால்பேட்டையில் இறங்கி, கடையின் பின்கட்டில் துணி பண்டல்களுக்கு நடுவே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று கேட்பாள். பதில் வராவிட்டால் அடுத்த வரிக்குப் போக விடமாட்டாள். அவளுடைய அம்மா டீ கொடுத்தார். சமோசாவும் வந்தது. பழைய சினேகம் மட்டும் வரவில்லை. ஏப்ரலில் ஐம்பத்தெட்டு மார்க்கில் அரியரை முடித்தேன். சொல்ல போன் செய்தபோது, "நல்லது" என்றாள், கடையில் ஆள் நிற்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.