பருப்பு வேகாத ஊரில் ஒரு சாவி

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கோவை உக்கடத்தில் பழநி வண்டி ஏறினேன். கையில் ஒரு கனத்த பை. உள்ளே ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, அடி தட்டையான எவர்சில்வர் பாத்திரம், ஒரு கரண்டி, நூறு நூறு கிராமாகக் கட்டிய துவரம் பருப்புப் பொட்டலம் இரண்டு. இருக்கைக்குக் கீழே பையை இறக்கிய சத்தம் கேட்டு நடத்துநர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, இரும்புக் கடையா? லக்கேஜ் போடணுமுங்க."

"அடுப்புங்க. வீடு பாக்கப் போறேன்."

"வீடு பாக்க எதுக்குங்க அடுப்பு?"

"தண்ணி பாக்க."

ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு லக்கேஜ் போடாமல் நகர்ந்தார். அவருக்கு விளக்கவில்லை, உங்களுக்கு விளக்குகிறேன். முப்பத்திரண்டு வருஷம் ஒரு கல்லூரி விடுதியின் சமையலறையை மேய்த்தவள் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்பவர்களுக்கு நேரமில்லை என்று சொல்லிச் சொல்லியே அறுபது வந்துவிட்டது. ஓய்வு பெற்ற ஐந்தாம் மாதம் குடியிருந்த வீட்டை விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். வருகிற புதன்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். சேமிப்பிலிருந்து மாதம் கைக்கு வருவது பதினோராயிரம். அதில் வாடகைக்கு ஐயாயிரத்துக்கு மேல் கொடுத்தால் மாத்திரை வாங்க முடியாது. கோவையில் அந்தக் காசுக்கு மாடிப்படிக்கு அடியில்தான் இடம் கிடைக்கும். எனவே ஒரு பக்கம் கேரளத்துப் பாலக்காடு, மறுபக்கம் நம் திண்டுக்கல். இரண்டில் ஒன்று.

வீட்டுக்காரர்கள் எல்லோருமே தண்ணீர் தேன் போல இருக்கும் என்றுதான் சொல்வார்கள். பருப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது. நல்ல தண்ணீரில் திறந்த பாத்திரத்திலேயே அரை மணி நேரத்தில் குழையும். உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதித்தாலும் பல்லில் கடிபடும். குக்கர் வைத்தால் இந்த வித்தியாசம் தெரியாது, அதனால்தான் பாத்திரம்.

போன சனிக்கிழமை பாலக்காடு போயிருந்தேன். உக்கடத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், வாளையாறு தாண்டியதுமே காற்று மாறிவிடும். கல்பாத்திப் பக்கம் ஒரு வீட்டின் பின்பகுதி, வாடகை நாலாயிரத்து எண்ணூறு. வாசலிலேயே கிணறு. இறைத்து வைத்த தண்ணீரில் பருப்பு இருபத்தாறே நிமிஷத்தில் வெண்ணெயாகக் கரைந்தது. கரண்டியை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. பக்கத்தில் ஆஸ்பத்திரி, நடக்க நிழல், சத்தம் போடாத தெரு. ரேஷன் கார்டை மாற்ற அலைய வேண்டும், டவுன் பஸ்ஸில் இங்கே போல இலவசமாக ஏற முடியாது, அவ்வளவுதான் குறை. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற வாத்தியார், தங்கமான மனிதர். சாயா கொடுத்து, எல்லாம் பேசி முடித்து, கடைசியில் ஒன்று சொன்னார்.

"தம்பி வந்து ஒப்பு இட்டாப் போதும் கேட்டோ. ஒரு ஆண் பேரு எழுத்துல வேணுமில்லையா?"

பழநிக்குப் பக்கத்து நெய்க்காரப்பட்டியில் இருக்கும் என் தம்பி ராசுவுக்கு அங்கிருந்தே போன் செய்தேன்.

"வேத்து ஸ்டேட்டுல உங்களை ஒத்தையா உட்டுப்போட்டு நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்கக்கா. நம்மூட்டுப் பின்னால ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சாச்சுங்க. புதன்கிழமை வண்டி அனுப்பறேன், வந்துருங்க."

பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் தொப்பம்பட்டியில் மெஸ் நடத்துகிறான், அங்கே சமையல் மாஸ்டர் வேலையை விட்டு நின்று ஒரு மாதம் ஆகிறது. அக்கா சும்மா உட்கார்ந்திருந்தால் உடம்புக்கு ஆகாது என்று அவன் மனைவி இரண்டு முறை சொல்லிவிட்டாள். அந்தப் பெயிண்ட் வாசம் எனக்குப் பாலக்காட்டுக்கே அடித்தது. ஐந்நூறு பிள்ளைகளுக்கு உலை வைத்தாகிவிட்டது. இனி எனக்கு மட்டும் ஒரு ஆழாக்கு அரிசி போட்டு, பசித்தபோது சாப்பிட்டு, பிடிக்காதபோது சமைக்காமல் படுத்துக்கொள்ள வேண்டும். இதற்குக்கூட ஒரு ஆண்பிள்ளை கையெழுத்து வேண்டுமாம்!

பழநியில் இறங்கும்போது மணி ஒன்பது. இரண்டு இட்லி, ஒரு காபி, முப்பத்தெட்டு ரூபாய். அங்கிருந்து திண்டுக்கல் அறுபது கிலோமீட்டர். ஒட்டன்சத்திரத்தில் முருங்கைக்காய்க் கட்டும் வெங்காய மூட்டையுமாக லாரிகள் வழியை அடைத்து நின்றதில் இருபது நிமிஷம் போயிற்று. அதைத் தாண்டினால் வெயில்தான். மானம் பார்த்த புன்செய்க் காடு, நடுவே தென்னந்தோப்பு, மறுபடி காடு. பாலக்காட்டுப் பச்சையைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஜன்னலோரத்துப் பேச்சு ஒவ்வொன்றும் எனக்குப் புரிந்தது. மருமகளை வைதது முதல் தக்காளி விலை வரை எல்லாம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

பதினொன்றரைக்குத் திண்டுக்கல் பேருந்து நிலையம். புரோக்கர் வண்டியோடு காத்திருந்தார். என் பையைப் பார்த்ததும் சிரித்தார். போனில் பேசும்போதே பருப்புச் சங்கதியை அவரிடம் பெருமையாக உளறி வைத்திருந்தேன். என் வாய் இருக்கிறதே, அதற்குப் பூட்டுப் போடத் திண்டுக்கல்லிலும் ஆள் கிடையாது.

"வாங்கக்கா. அடுப்பு கொண்டாந்துட்டீங்களா? வைங்க, வச்சுப் பாருங்க. அம்புட்டும் நல்ல தண்ணி."

ரயில் நிலையத்துக்கு அடுத்த ஒரு தெருவில் கீழ்த்தளத்து வீடு, வாடகை ஐயாயிரம். வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று, யார் யார் இருப்பார்கள் என்று கேட்டார். நான் மட்டும் என்றேன். அவர் புரோக்கரைப் பார்த்து, "ஆம்பளைக யாரும் கூட வரலையாப்பா?" என்று கேட்டார். நான் அங்கே நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"தம்பி இருக்காருல்ல, வந்து கையெழுத்துப் போடுவாரு" என்று புரோக்கரே எனக்காகப் பதிலும் சொல்லிவிட்டார்.

பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பை வைத்தேன். வீட்டுக்காரர் ஒரு குடத்தை எடுத்து வந்து, இப்போதுதான் குழாயில் பிடித்தது என்றார். பன்னிரண்டேகாலுக்குப் பருப்பைப் போட்டேன். பன்னிரண்டே முக்காலுக்குக் குழைந்துவிட்டது. பாலக்காட்டுக்கு ஒரு மாற்றுக்கூடக் குறைவில்லை. புரோக்கர் கையைத் தட்டாத குறை. எனக்கே ஒரு நிமிஷம் மனசு இளகிப்போயிற்று. கையெழுத்துத்தானே, ராசுவைக் கெஞ்சிக் கேட்டால் திண்டுக்கல் என்பதால் போட்டுவிடுவான் என்றுகூட நினைத்தேன்.

பாத்திரத்தைக் கழுவக் குழாயடிக்குப் போனேன். சோப்பைத் தேய்த்தேன், நுரை வரவில்லை. இன்னும் தேய்த்தேன். திரிதிரியாக வெள்ளையாய் ஒட்டியதே தவிர நுரை இல்லை. குழாய் மூக்கைப் பார்த்தால் சுண்ணாம்பு போல உப்புப் பூத்துக் கிடந்தது. ஒரு கை பிடித்து வாயில் விட்டேன். கடல்! சமையல்கட்டுக் கதவை இழுத்துப் பார்த்தால் அதன் பின்னால் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்று மூடி திறந்தபடி நின்றது, பாதிக்கு மேல் காலி.

"ஏனுங்க, எந்தக் குழாயில கேன் தண்ணி வருது? காட்டுங்க, நானும் பிடிச்சுக்கறேன்" என்றேன்.

வீட்டுக்காரர் போன் வந்ததுபோல வெளியே போனார். புரோக்கர், "அக்கா, திண்டுக்கல்ல எல்லா வீட்லயும் இப்படித்தான்க்கா. இதுக்குப் போயி..." என்று இழுத்தார்.

"உப்பா இருக்கறது தப்பில்லப்பா. முப்பத்திரண்டு வருஷம் பருப்பு வேக வச்சவளை ஏமாத்தப் பாத்தீங்க பாரு, அதான் தப்பு." வெந்த பருப்பை அங்கிருந்த கிண்ணத்தில் கொட்டி, வீட்டுக்காரருக்கே மதியத்துக்கு ஆகட்டும் என்று வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கோபத்தில் கனமே தெரியவில்லை.

கோபம் இறங்கப் பசி ஏறியது. ஒரு சின்னக் கடையில் சீரகச் சம்பா பிரியாணி, அரை பிளேட் நூற்றிருபது. அது இறங்கியபிறகு நிதானமாக யோசித்தேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று மூன்று நாள்தான் மிச்சம். கால் போன போக்கில் பேகம்பூர்ப் பக்கம் நடந்தேன். ஒரு சந்தில் அட்டைப் பலகை தொங்கியது. கரியால் எழுதியிருந்தது: 'மாடி வாடகைக்கு. தண்ணி உப்பு.'

அந்த இரண்டாவது வாசகத்தை மூன்று முறை படித்தேன். அப்புறம் கதவைத் தட்டினேன்.

ரஹ்மத் பீவி என்று பெயர். ஐம்பதைத் தாண்டியவர், முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். பிரியாணிக் கடைகளுக்கு ஆட்டுக்கறி கொடுக்கும் வியாபாரம். ஆடு வாங்க வாராவாரம் அய்யலூர்ச் சந்தைக்கு அவரே போகிறார். மாடியைத் திறந்துவிட்டார். ஒரு அறை, சமையல்கட்டு, துணி காயப்போட மொட்டைமாடி. ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டைப் பாறை. வாடகை நாலாயிரத்து ஐந்நூறு. நான் அடுப்பை எடுத்ததும் சிரித்துவிட்டார்.

"வேகாதுக்கா. சும்மா கரண்டை வீணாக்காதீங்க. அதான் போர்டுலயே போட்டுருக்கேன்ல."

"இருந்தாலும் வச்சுப் பாத்தர்றேனுங்க."

"அப்ப வைங்க. செத்த நேரம் உக்காருங்க, டீ போடுறேன். டீக்கு நல்ல தண்ணி, பயப்படாதீங்க."

ஒரு மணி நேரம் பருப்பு கொதித்தது. அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: குழாயில் நல்ல தண்ணீர் வருகிற அன்று பிடித்து நிரப்பிக்கொள்ள வேண்டும், அதைக் குடிக்கவும் டீக்கும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், உப்புத் தண்ணீரில் குளித்தால் தலைமுடி வைக்கோலாகும், குடத்தை மாடிக்குத் தூக்குவது அவரவர் பாடு. ஒன்றையும் மறைக்கவில்லை. கரண்டியால் எடுத்துக் கடித்துப் பார்த்தேன். கல்.

"சொன்னேன்ல!" என்றார், ஜெயித்த முகத்தோடு.

கேட்க வேண்டியதைக் கேட்டேன். "அக்ரிமெண்டுல கையெழுத்து யாருங்க போடணும்?"

"வாடகை யாரு குடுப்பா?"

"நான்தான்."

"அப்ப நீங்கதான் போடணும். வேற யாரு போடுவா?" இன்னொரு டம்ளர் டீயை ஊற்றி என் கையில் கொடுத்தார். விஷயம் புரிந்துவிட்டது போல. "எங்க வீட்டுக்காரரு மௌத்தாகிப் போன பொறவு மொதத் தடவை நான் தனியாச் சந்தைக்குப் போனேன்க்கா. ஆட்டுக்காரன் கேக்குறான், ஆம்பளை யாரும் வரலையாம்மான்னு. ஆட்டோட வாயைப் பொளந்து பல்லைக் காட்டி, இது ரெண்டு பல்லுக் குட்டி, நீ நாலு பல்லுப் பெரிய ஆடுன்னு வெல சொல்றே, உன் வீட்டு ஆம்பளையைக் கூட்டிட்டு வாடான்னேன். அன்னையிலருந்து எவனும் கேக்கிறதில்ல."

நான் சிரித்த சிரிப்பில் டீ சிந்திவிட்டது. கண்ணிலும் தண்ணீர் வந்தது, மறைக்கவில்லை. நாலரை மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். என் பெயர், என் முகவரி, என் கையெழுத்து. சாவி என் கைக்கு வந்தது.

ஐந்தே காலுக்குப் பழநி வண்டியில் உட்கார்ந்ததும் ராசு கூப்பிட்டான்.

"அக்கா, புதன்கிழமைக்கு வண்டி சொல்லியாச்சுங்க."

"நல்லதாப் போச்சு. சாமானை ஏத்தி நேராத் திண்டுக்கல்லுக்கு விடச் சொல்லு. வண்டி வாடகை என்னுது."

"தண்ணி எப்படீங்க? பருப்பு வெந்துச்சுங்களா?"

"வேகலை."

"பாலக்காட்டுலயாச்சும் வெந்துச்சுங்க. வேகாத ஊருல போயி என்னத்தைங்கக்கா சமைப்பீங்க?"

"ரசம் வைப்பேன். வெஞ்சனத்துக்கு அப்பளம் சுடுவேன். ரஹ்மத்தம்மா வீட்டுல பிரியாணி போட்டா வாங்கித் திம்பேன். எனக்கு ஒருத்திக்குத்தானடா. நீ மெஸ்ஸுக்கு ஒரு ஆளைத் தேடிக்கோ ராசு. சம்பளம் குடுத்து."

பாலக்காட்டுக் கிணறு அடிக்கடி நினைவுக்கு வரும் என்று தெரியும். அது நல்ல தண்ணீர், அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். இனி நான் குடம் தூக்க வேண்டும், தலைமுடி வைக்கோலாக வேண்டும், பருப்பை ஊறப்போட்டுக் குக்கரில் எட்டு விசில் விட வேண்டும். விடுகிறேன். என் கதவைப் பூட்டிக்கொண்டு விடுகிறேன்.

பழநியில் உக்கடம் வண்டிக்கு மாறினேன். அதிசயம், காலையில் பார்த்த அதே நடத்துநர். என் பை காற்றில் ஆடுவதைப் பார்த்தார்.

"எங்கம்மா அடுப்பைக் காணோம்?"

"வீட்டுல வச்சிருக்கேனுங்க" என்றேன்.