நான்கு வரிக் கடிதம்

ஒட்டுச்சீட்டு ஒன்றைக் கிழித்து, கணினித் திரையில் ஆய்வுக் கட்டுரையின் விலை தெரிகிற இடத்தில் பட்டென்று ஒட்டுகிறார் அக்கா. "அதைப் பாத்தா பயம்தான் வரும். கட்டுரை வராது."

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்விதழ்ப் பிரிவு அவருடையது. நூலகம் சந்தா கட்டும் இதழ்கள் குறையக் குறைய, அக்காவுக்கு உற்சாகம் கூடியதுதான் வேடிக்கை. காசில்லாமல் கட்டுரையைப் பிடிக்க அவருக்குப் பல வழிகள் தெரியும். எழுதியவரின் பல்கலைக்கழகத் தளத்திலேயே இலவசப் பிரதி இருக்கும். அச்சுக்கு முந்தைய வடிவம் எங்காவது ஒளிந்திருக்கும். வேறொரு நூலகம் இரவல் தரும். எதுவும் கைகொடுக்காவிட்டால் எழுதியவருக்கே நான்கு வரிக் கடிதம். எல்லாம் நேர்வழிதான். திருட்டுத் தளங்களின் பேச்சை எடுத்தால் ஒரு முறை முறைப்பார், பாருங்கள்!

அன்று வந்தவள் பயிர்நோய் ஆராய்ச்சி மாணவி. முகம் பேயறைந்தது போலிருந்தது. இலைக்கருகல் நோயை ஒரு மண் பாக்டீரியா தடுக்கிறது என்று அவள் நான்கு வருடம் மாடாய் உழைத்துக் கண்டுபிடித்திருந்தாள். அதையே யாரோ முன்பே வெளியிட்டிருப்பதாகச் சொல்கிறது ஒரு கட்டுரையின் சுருக்கம். முழுசாகப் படித்தால்தான் உண்மை தெரியும். மூன்று மணிக்கு அவள் ஆய்வை மதிப்பிடும் குழு கூடுகிறது.

"அந்தப் பேராசிரியருக்கு மூணு தடவ எழுதிட்டேன்க்கா. பதிலே இல்ல."

"அட மக்கு! பெரியவருக்கு ஏன் எழுதின? கட்டுரையில முதல் பேரு யாருதுன்னு பாரு. ராப்பகலா உழைச்சது அந்தப் பிள்ளதான். தன் கட்டுரைய ஒருத்தர் கேட்டா அதுக்குத் தலகால் புரியாது!"

அந்தப் 'பிள்ளை' இப்போது ஒரு விதை நிறுவனத்தில் இருப்பதை ஐந்தே நிமிடத்தில் தோண்டி எடுத்தார் அக்கா. நான்கு வரி பறந்தது. இருவரும் இமைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணி பத்துக்கு வந்தேவிட்டது பதில், கட்டுரையோடு! 'ஏழு வருடத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்' என்று ஒரு வரி வேறு.

மாணவி நின்றபடியே விரல் வைத்துப் படித்தாள். ஆறாம் பக்கத்தில் கத்தினாள்.

"அக்கா! இவங்க தொட்டிச் செடியில மட்டும்தான் பாத்திருக்காங்க! வயல்ல யாராவது செஞ்சு பாக்கணும்னு எழுதியிருக்காங்கக்கா! அதத்தான் நான் செஞ்சிருக்கேன்!"

நூலகமே திரும்பிப் பார்த்தது. அனுப்பியவருக்கு நன்றி எழுதத் தொடங்கியிருந்த அக்கா, தட்டிய இரண்டு சொற்களையும் அழித்தார். எழுந்து, மாணவியின் தோளைப் பிடித்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். கீபோர்டை அவள் பக்கம் தள்ளினார்.