பிலோமினா டீச்சரின் தேக்கு மேடை

பிலோமினா டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவருடைய தம்பி ஜெரால்டு அண்ணாச்சி போன் செய்தபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அதற்குமேல் பேனா ஓடவில்லை. அவரிடம் கணக்குப் படித்தவர்களும், கூட வேலை பார்த்த நாமும், கரும்பலகையில் அவர் வெறுங்கையால் போடும் வட்டத்தைத்தான் எப்போதும் பேசுகிறோம். நான் அவருடைய அடுக்களையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு டீச்சருக்குப் பார்வை முழுவதும் போயிற்று. திரேஸ்புரத்து வீட்டில் தனியாக இருந்தார். துபாயில் இருக்கும் மகன் அந்தோணி, "கத்தியும் அடுப்பும் இனி வேண்டாம்மா, என்கூட வந்துருங்க" என்று டிக்கெட்டே எடுத்துவிட்டான். தன் சோற்றைத் தானே பொங்கித் தின்ன முடியாத இடத்தில் டீச்சரால் இருக்க முடியாது. "வந்து நான் சமைக்கதப் பாரு. பெறவு முடிவு பண்ணு" என்றார்.

அக்காவுக்கு ஒத்தாசை செய்ய நினைத்த அண்ணாச்சி, அடுக்களையில் அவர் காயும் மீனும் நறுக்கும், கறை பிடித்துக் கிடந்த தேக்கு மேடையை இழைத்து, தன் மீன்பிடி வள்ளத்துக்கு அடிக்கிற வார்னிஷையே அதற்கும் அடித்துவிட்டார். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. டீச்சர் தடவிப் பார்த்தார்.

"ஏலே, தண்ணி உள்ள போகக் கூடாதுன்னு வள்ளத்துக்குப் பூசுத. எனக்கு வெரலுக்கு மரம் தெரியணும்லா. இங்கன எல்லா எடமும் ஒண்ணு போல வழுக்குது."

அண்ணாச்சி வார்னிஷைச் சுரண்ட உட்கார்ந்தார். சுரண்டிய மரத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதாதா என்று நான் கேட்டேன். "சிக்கு வாடை அடிக்கும், ஏளா" என்று டீச்சர் ஒரே போடாகப் போட்டார். கடைசியில் சமையலுக்கு விற்கும் ஆளிவிதை எண்ணெயை வாங்கிவரச் சொன்னார். தானே துணியால் தேய்ப்பார், மிச்சத்தைத் துடைப்பார், நன்றாகக் காயவிட்டு மறுபடி தேய்ப்பார். வாரக்கணக்கில் இதே வேலை. எண்ணெய் இறங்கிய மரத்தில் வரியும் கணுவும் விரலுக்குத் தட்டின. கணுவுக்கு வலப்பக்கம் கத்தி, வரி வளைகிற இடத்தில் உப்பு என்று வைத்துக்கொண்டார். நான் மலைத்துப்போய் நின்றேன்.

அந்தோணி வந்த அன்று ஊளி மீன். டீச்சர் மீன் அறுத்து முடிக்கும்வரை அவன் அடுக்களை வாசலை விட்டு நகரவில்லை. கத்தி அசையும்போதெல்லாம் அவன் கை முன்னால் போய்த் திரும்பியது. மதியம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்ததும் அவன் அம்மாவின் தட்டை இழுத்து, துண்டைப் பிட்டு முள் தேடினான்.

"என்னத்தலே தேடுத? எல்லா முள்ளையும் மேடையிலயே எடுத்துட்டேன். ஒனக்கும்தான். தொண்டையில மாட்டி அழுதவன்லா நீ."

அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். அன்றைக்கே அம்மாவின் டிக்கெட்டை ரத்து செய்தான்.

டீச்சரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அந்த மதியச் சாப்பாட்டைத்தான். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற நான், யாரும் பார்க்காதபோது, என் தட்டில் இருந்த துண்டையும் பிட்டுப் பிட்டுத் தேடினேன். ஒரு முள்கூட இல்லை.