அசையாமல் நின்ற மூன்று மாதம்

நான் கணக்கு டீச்சர். கொட்டகலையில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். வீடு நானுஓயாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில். இதையெல்லாம் யாரிடமும் தயங்காமல் சொல்வேன். முப்பத்து நான்கு வயதில் வீடியோ கேம் விளையாடுகிறேன் என்பதைச் சொல்லத்தான் கூச்சம். அதுவும் என்ன கேம்? ஊருலகமே விளையாடும் பெரிய தொடரை நான் தொட்டதே இல்லை. அதில் ஓரமாக வந்துபோகும் ஒரு கடைக்காரருக்கென்று தனியாக ஒரு கிளைத் தொடர் உண்டு. அதுதான் என் உலகம். கட்டாரில் இருக்கும் தம்பி அனுப்பிய கையடக்கக் கருவியில் அதன் நான்கு பாகங்களும் இருந்தன. நாலையும் முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்த ஆள் நான்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. கடைக்காரர் மூட்டையோடு ஒரு பாதாளக் குகைக்குள் இறங்குவார். தளத்துக்குத் தளம் பூதங்கள். ஒவ்வொரு முறையும் குகையின் வழி மாறிவிடும். செத்தால் மூட்டையும் போச்சு, சேர்த்த பலமும் போச்சு. ஆனால் ஒரு சலுகை உண்டு. நீங்கள் ஒரு அடி வைத்தால்தான் பூதமும் ஒரு அடி வைக்கும். நீங்கள் நின்றால் எல்லாமே நிற்கும். பூதம் கையை ஓங்கியபடி நிற்க, நான் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு, கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்து, சாவகாசமாக வந்து அடுத்த அடியை வைப்பேன். இது அவசரக்குடுக்கைகளுக்கான கேம் இல்லை என்று எனக்குப் பெருமை வேறு.

எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் சேர் ஒருவர், வட்டவளைக்காரர். பின்னேரங்களில் இருவரும் கொட்டகலை ஸ்டேஷனில் நிற்போம். எனக்கு மேலே போகும் ரயில், அவருக்குக் கீழே போகும் ரயில். நான் கேம் விளையாடுவது தெரிந்தும் சிரிக்காத ஒரே ஆள் அவர். எத்தனையாவது தளத்தில் நிற்கிறேன் என்று அக்கறையாகக் கேட்பார். ஒருநாள் என் ரயில் வந்து நிற்கும்போது சொன்னார்: "டீச்சர், ஒங்களுக்குச் சரின்னா அம்மாவ கூட்டிக்கிட்டு ஒங்க வீட்டுக்கு வந்து பேசுறேன். நாங்க வேதக்காரங்க, அதுனாலதான் மொதல்ல ஒங்கள கேக்குறேன்."

"யோசிச்சு சொல்றேங்க சேர்" என்றேன்.

யோசித்தேன். அப்பப்பா, என்ன யோசனை! குகைக் கணக்குப் போடும் அதே கொப்பியில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்தேன். அம்மா அழுவாங்க, மாமா குதிப்பார், மாரியம்மன் கோயிலா மாதா கோயிலா, வட்டவளையா நானுஓயாவா என்று எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். பாடசாலை விளையாட்டுப் போட்டி அன்று மழையில் சேர் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "என்ன டீச்சர், யோசிச்சீங்களா?" என்றார். தவணைப் பரீட்சை முடியட்டும் என்றேன். பரீட்சையும் முடிந்தது. "அம்மா எங்க பக்கத்துலயே ஒரு எடம் பாத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்படீங்களா, நல்லதுங்க சேர்" என்றேன். அந்தக் கடைக்காரருக்கு இருக்கிற புத்திகூட எனக்கு இல்லை.

நான் பதில் சொல்லாதவரை அவரும் நிற்பார், அவருடைய அம்மாவும் நிற்பார் என்று நான் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த தவணை தொடங்கிய அன்று ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் கல்யாணக் கார்ட் கொடுத்தார். மற்றவர்கள் வகுப்புக்குப் போகும்வரை காத்திருந்து, என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மூணு மாசம் பாத்தேன் டீச்சர். வேணாம்னாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

வேண்டாம் என்று நான் எப்போது நினைத்தேன்? அவர் கேட்ட அன்றைக்கே, ரயில் தலவாக்கலை போய்ச் சேர்வதற்குள், சம்மதம் என்று முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று மாதமும் அந்த விடையைச் சரிபார்த்துக்கொண்டு மட்டுமே இருந்தேன். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நெஞ்சு வலித்தது, இதை எழுதும்போதும் வலிக்கிறது.

"வாழ்த்துக்கள் சேர்" என்றேன். அது மட்டும் யோசிக்காமல் உடனே வந்துவிட்டது.