கல்லுப் பார்க்கப் போனவர்கள்

எனக்கு எதற்கும் முதலில் பயம்தான் வரும். மாதத்தில் ஒரு ஞாயிறு நல்லூர்த் தெருக்களிலும் ஒழுங்கைகளிலும் கூட்டாக நடந்து பழைய இடங்களைப் பார்ப்பதென்று எங்கள் வாசிகசாலையில் முடிவானபோது, மற்றவர்கள் எதைப் பார்க்கலாம் என்று கதைத்தார்கள். எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று நான் யோசித்தேன். அதனாலோ என்னவோ என்னையே முன்னுக்கு நடக்க விட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுச் சுருட்டுச் சுற்றும் கொட்டிலுக்கு வேலைக்குப் போனவன் நான். சரித்திரம் தெரியாது, ஒழுங்கை தெரியும். சரித்திரம் சொல்ல, மலாயாவில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்த ஐயா ஒருவர் இருந்தார்.

அவர் கோட்டும் தலைப்பாகையுமாகத்தான் வருவார். இது நடந்த அன்று எங்களோடு வந்த மற்ற மூவரும் கோயிலிலிருந்து நேரே வந்ததால் சால்வையும் சந்தனப் பொட்டுமாக இருந்தார்கள்.

ஒரு வீட்டுக் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லில் சிற்பவேலை இருக்கிறதென்று ஐயா கேள்விப்பட்டிருந்தார். அந்த வீட்டு வேலிப் படலையில் நின்று செருமினோம். வீட்டுக்காரி, ஒரு தாய், ஓடி வந்தார்.

“வாங்கோ, வாங்கோ. வெயிலுக்கை நிக்காதேங்கோ.”

விறாந்தையில் கதிரைகள் துடைத்துப் போடப்பட்டிருந்தன. வந்த காரியத்தை எடுத்த எடுப்பில் சொல்வது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. என்னத்துக்கு வந்தீர்கள் என்று வீட்டுக்காரர் கேட்பதும் இல்லை. ஆகவே மழையைப் பற்றிக் கதைத்தோம், புகையிலையைப் பற்றிக் கதைத்தோம். ஐயா மலாயாவைப் பற்றிச் சொன்னதைத் தாய் அளவுக்கு மிஞ்சிய கவனத்தோடு கேட்டார். பயத்தம் பணியாரம் வந்தது. ஐயா இரண்டாவதைக் கடித்த நேரம், பட்டுச் சேலை உடுத்த ஒரு பெண் கோப்பித் தட்டோடு வந்து அவர் முன்னால் குனிந்தாள்.

பட்டுச் சேலையைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. ஐயாவுக்கும் விளங்கிவிட்டது. பணியாரத்தை மெல்லாமல் அப்படியே இருந்தார்.

நான் எழும்பித் தாயை ஒரு பக்கமாகக் கூப்பிட்டேன்.

“அக்கா, குறை நினையாதேங்கோ. நாங்கள் பொம்பிளை பாக்க வரேல்லை. வாசிகசாலை ஆக்கள்.”

“அப்ப இணுவிலாலை வந்த மாப்பிளை வீட்டார் இல்லையோ?”

“இல்லை அக்கா. உங்கடை கல்லைப் பாக்க வந்தனாங்கள்.”

“என்ன கல்லை?”

“உடுப்புத் தோய்க்கிற கல்லை.”

ஏசுவார் என்று நினைத்தேன். அவரோ வேலியைப் பார்த்தார். கிடுகு ஓட்டைகளுக்குள் அயலவரின் கண்கள் தெரிந்தன.

“ஐயோ தம்பி, நீங்கள் இப்ப பேசாமல் எழும்பிப் போனால், பாத்திட்டு வேண்டாமெண்டு போட்டினம் எண்டெல்லோ ஒழுங்கை முழுக்கக் கதைக்கும்? இணுவிலார் இனி எந்த நேரமும் வருவினம். படலைக்கு வரமுன்னமே உந்தச் சனம் அவையின்ரை காதிலை போட்டிடும்.” பிறகு கிணற்றடிப் பக்கம் கையைக் காட்டி, “கல்லைத்தானே பாக்க வந்தனீங்கள்? பாருங்கோ. நாலு வீட்டுக்குக் கேக்கப் பாருங்கோ” என்றார்.

நான் ஐயாவைப் பார்த்தேன். சரித்திரம் தெரிந்த மனிதர் கோப்பிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அவரைவிட மோசம். நானே போய்க் கல்லடியில் நின்றேன்.

“இது...” என்றேன். சத்தம் வரவில்லை.

“அண்ணை, உது எனக்கே கேக்கேல்லை” என்றாள் அந்தப் பெண், கதவு நிலையில் சாய்ந்தபடி. “கொஞ்சம் உரத்துச் சொல்லுங்கோ.”

அவள் அழுதிருந்தால் நான் ஓடியிருப்பேன். அவளோ சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

“இது ராசா காலத்துக் கல்லெண்டு சொல்லுகினம்!” என்று கத்தினேன். “உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது! இதைப் பாக்கத்தான் வாசிகசாலையிலையிருந்து வந்தனாங்கள்! ஐயா, இஞ்சை வாங்கோ, ஒரு பூ மாதிரிக் கிடக்கு!”

ஐயா வந்தார். பூவைத் தடவியதும் வெட்கம் போய்விட்டது. கதைக்கத் தொடங்கினார்.

“பொம்பிளை பாக்க வந்தவையாக்கும் எண்டு நினைச்சன்” என்றது வேலிக்கு அப்பால் ஒரு குரல்.

“உதுகள் கல்லைப் பாக்குதுகள். வேலை வெட்டி இல்லாததுகள்” என்றது இன்னொன்று.

அந்த ஏச்சைக் கேட்டதும் தாய்க்கு மூச்சு வந்தது. எனக்கு அது போதவில்லை. ஒரு வீட்டுக்கு மட்டும் போனால் சந்தேகம் மிஞ்சுமே! வேலியை நோக்கி, “உங்கடை வளவிலை பழங்கல்லு ஏதும் கிடக்கோ அக்கா?” என்று கேட்டேன்.

“ஆடு கட்டிற கல்லொண்டு கிடக்கு. வந்து பாருங்கோவன்.”

போனோம். அது வெறும் கல். ஐயா அதையும் மரியாதையாகச் சுற்றிப் பார்த்தார். அதற்கடுத்த வீட்டில் அம்மி காட்டினார்கள். அங்கே மோர் குடித்துக்கொண்டு நின்றபோது ஒழுங்கையில் மாட்டுவண்டி ஒன்று வந்து நின்றது. வண்டியிலிருந்தவர் அந்தத் தாயின் வீட்டை விசாரித்தார். நான் மோர்ச் செம்பைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

எங்கள் பின்னால் வந்து அந்த வீட்டுப் படலையில் நின்றவள், வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று எங்களை ஏசிய அதே பெண்.

“இணுவிலாலையோ? நேரை போங்கோ” என்றாள். “கெதியாப் போங்கோ. கல்லுப் பாக்க வந்த கூட்டமொண்டு உங்கடை பணியாரத்தைத் திண்டிட்டு இஞ்சை நிக்குது.”

வண்டிக்குள் சிரிப்புக் கேட்டது. வண்டி அந்தத் தாயின் படலைக்குள் திரும்பும்வரை நான் மோர்ச் செம்பைக் கீழே வைக்கவில்லை.