சாடிக்குள் வளர்ந்த வெள்ளைத் தோல்

எண்பதுகளின் நடுவில் என் மாப்பிள்ளை மௌத்தானார். புருஷனை இழந்தவளாக நாலு மாதமும் பத்து நாளும் நான் வீட்டுக்குள்ளேயே இத்தா இருக்க வேண்டும். வெளி ஆண்கள் கண்ணில் படாமலிருக்க உள்ளறைச் சன்னலையும் சேலையால் மறைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் உள்ளே வரும். மூச்சு முட்டியது, பொய் சொல்லவில்லை.

நானும் அவருமாகத் தேங்காய்த் தண்ணீரைப் புளிக்க வைத்து, ஊறுகாய்க்கு ஊற்றும் வினாகிரி ஆக்கிக் கல்முனைக் கடைகளுக்குக் கொடுத்து வந்தோம். அந்தத் தொழிலுக்கு முதலே சாடியில் மிதக்கும் வெள்ளைத் தோல்தான். அதைப் போட்டால்தான் புதுத் தண்ணீர் ஒழுங்காகப் புளிக்கும். தம்பிலுவிலில் ஒரு அக்கா தந்தது. அது இருந்தால் நான் என் சோற்றை நானே உழைத்துத் தின்பேன். இல்லாவிட்டால் என் கூடப்பிறந்த காக்கா பார்த்து வைத்திருக்கும் இரண்டாம் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்த என் கூடப்பிறந்த மூத்த ராத்தாவுக்குச் சுத்தப் பைத்தியம்.

"சாடியெல்லாம் சாம்பல் போட்டுத் தேச்சிட்டன். உள்ளுக்குச் செத்த தோலொண்டு வழுவழுவெண்டு கிடந்திச்சி. நஜீசு, அசுத்தம்! கடல்ல எறிஞ்சிட்டன்."

"அல்லாவே! என்ட குடியக் கெடுத்திட்டீங்களே ராத்தா!"

கத்தினேன், அழுதேன். இன்னொரு தோல் வாங்கத் தம்பிலுவிலுக்குப் போக வழியில்லை; காக்கா வாங்கித் தரவும் மாட்டார். வாசலுக்கே போக முடியாதவள் நான்.

சோற்றோடு வந்த, நாங்கள் முன்பு ஆக்கிய வினாகிரிப் போத்தலில் அரைவாசி மிச்சமிருந்தது. ஒரு நாள் பார்த்தால் மேலே பாலாடை போல மெல்லிய படலம்! அதைச் சின்னச் சாடியில் ஊற்றி, எனக்குக் குடிக்கத் தந்த இளநீரையும் சீனியையும் சேர்த்து, வெள்ளைத் துணியால் மூடிக் கட்டிலுக்கடியில் வைத்தேன். அசைத்தால் படலம் அமிழ்ந்துவிடும். அதற்கும் இத்தாதான்.

பிற்காலத்தில் இதே தோலைத் துண்டு போட்டுப் பாகில் ஊறவைத்து ஜெலியென்று விற்றார்கள். தண்ணீரில் வாழும் கிருமிகள் பின்னுகிற நாராம். புண்ணுக்குக் கட்டவும் கடதாசியைப் பலப்படுத்தவும் உதவுமாம். கம்பஸில் படிக்கும் மருமகள் சொன்னாள். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அது ஒவ்வொரு கிழமையும் தடித்தது என்பதுதான்.

இத்தா முடிந்த காலையில் காக்கா வந்தார்.

"நாளைக்கு மாப்பிள வீட்டார் வாறாங்க. ஓமெண்டு சொல்லு."

சாடியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துத் துணியை எடுத்தேன். பெருவிரல் தடிப்பில் வெள்ளை வெளேரென்று மிதந்தது. ராத்தா எட்டிப் பார்த்து முகம் சுளித்தாள்.

"வர வேணாமெண்டு சொல்லுங்க காக்கா," என்றேன். "நீங்க திரும்பி வரக்குள்ள ரெண்டு வாளி தேங்காத் தண்ணி கொண்டாங்க."